ஐவா மரத்து ஆப்பிள்

வாய் மூடியிருக்கும்படிதான் செதுக்கியிருந்தாள். அதில் நோரீனுக்குத் துளியும் சந்தேகமில்லை. தோல் சீவிய ஆப்பிளில் கிழவித் தலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் கைவந்த வேலைதான் அது. கண்ணுக்கு ஆழமாக இரண்டு குழி, மூக்குக்கு இரு பக்கமும் சாய்த்து ஒரு வெட்டு, வாய்க்கு ஒற்றைக் கீறல், கீறலின் ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மேலே. உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் கம்பி கோத்து, அடுப்புச் சூடு படுகிற இடத்தில் தொங்கவிட்டால், சுருங்கச் சுருங்கக் கன்னம் ஒட்டி, நெற்றி வரிவரியாகி, அந்த ஒற்றைக் கீறல் இறுகி நமட்டுச் சிரிப்பாகிவிடும். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்கு ஜனங்கள் அதை வாங்கிப்போய் வாசலில் வைக்கிறார்கள். ஆனால் அன்று மத்தியானம் நோரீன் முக்காலி போட்டு ஏறி, சமையலறை இரும்பு அடுப்புக்கு மேலே சன்னல் நெடுகத் தொங்கிய தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது, பின்வாசல் பக்கம் கடைசியாக இருந்த ஒன்றின் வாய் திறந்திருந்தது.

வெடித்துத் திறந்திருந்தால் அவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். இது உதடு பிசகாமல், வட்டமாக, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிற மாதிரி திறந்திருந்தது. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு உதடுகளையும் விரலால் சேர்த்து அழுத்தினாள். உள்ளே ஈரமாக இருந்தது. மற்றதெல்லாம் காய்ந்து தோலாகிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் ஈரமாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சன்னலைப் பார்க்கத் திருப்பிவிட்டு இறங்கினாள்.

மற்றபடி இந்த அக்டோபரில் அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. மக்காச்சோள மட்டையை மடித்து மடித்துக் கோத்த பெரிய வளையம் முன்கதவில் தொங்கியது. நடுவே காட்டுக்கொடியின் சிவப்புக் காய்கள். தேன்மெழுகில் முக்கிக் காயவைத்த மேப்பிள் இலைத் தோரணம் மாடிப்படிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு ஏறியது. படிகளில் பூசணிகள், மரக்கிளையில் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துச் செய்த பேய்கள். போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது இது. ஐவா இருந்தவரைக்கும் ஒரு காகிதப் பூனையைக்கூட நிம்மதியாக ஒட்ட முடிந்ததில்லை.

ஐவா, எல்வினின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவனுக்காகவே கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்டவள், வீட்டில் பாதிக்குச் சொந்தக்காரி. வாயைத் திறந்தால் தேள் கொட்டும். நோரீன் எதைச் செய்து மாட்டினாலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதன் எதிரே வந்து நின்று, வாயிலிருக்கும் சிகரெட்டின் புகை ஏறாமலிருக்க இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மகாராணி சர்க்கஸ் கூடாரம் போட்டாச்சு. யானை எப்ப வருது?" என்பாள். எல்வின் சிரித்துவிடுவான். அக்காக்காரியின் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் நோரீனை அறுத்தது.

போன ஜனவரியில் நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். எல்வின் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டியோடு போயிருந்தான். மூச்சு மீசையிலேயே உறைகிற குளிர். நோரீன் பிப்ரவரியில் வரும் காதலர் தின அலங்காரத்துக்காகச் சிவப்புக் காகிதத்தில் இதயங்கள் வெட்டிக்கொண்டிருந்தாள். சிகரெட் பிடிக்கப் பின்வாசல் தாழ்வாரத்துக்குக் கிளம்பிய ஐவா மேஜையோரம் ஒரு நிமிஷம் நின்றாள். "இத்தனை வெட்டுறியே, ஒண்ணை எடுத்து உனக்குள்ள வெச்சுக்கோ. அங்க காலியாத்தானே கிடக்கு," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போட்டிருந்த மெல்லிய ஸ்வெட்டரோடு வெளியே போனாள். நோரீன் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் நின்று விறைக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். தட்டல் கேட்டது. முதலில் கோபமாக, அப்புறம் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. ஒவ்வொரு தட்டலுக்கும் நோரீனின் நெஞ்சுக்குள் தித்திப்பாக எதுவோ இறங்கியது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் ஒரு இதயம் வெட்டிவிட்டு என்று நினைத்தாள். பிறகு தட்டல் நின்றது. பக்கத்து வீட்டு மேவிஸிடம் போயிருப்பாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு படுக்கப் போனாள். இடுப்பு முறிந்து தேறியவள் அந்தப் பனியில் படி இறங்கியிருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். விடியுமுன் வந்து தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினாள். கதவுக் கண்ணாடி வழியே ஒரு தடவை பார்த்தாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்த எல்வின்தான் அக்காவைக் கண்டெடுத்தான்.

மாரடைப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வயசானவள், புகைப்பவள், குளிரில் நின்றவள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விரல் முட்டிகளில் தோல் வழன்றிருந்ததை எல்வின் மட்டும் கேட்டான். விழும்போது பலகையில் உரசியிருக்கும் என்றாள் நோரீன். அவன் நம்பினான். அந்த நம்பிக்கையின் மேல்தான் இப்போது அவளுடைய வீடு, புருஷன், வாசலில் தொங்குகிற வளையம் எல்லாமே நின்றன. அவனுக்கு மட்டும் தெரிந்துவிட்டால் அவளுக்கு எதுவும் மிஞ்சாது.

ஏப்ரலில் பனி உருகியதும், ஐவா சொல்லி வைத்திருந்தபடி அவளுடைய சாம்பலைப் பின்கட்டு ஆப்பிள் மரத்தடியில் கொட்டினார்கள். பல வருஷமாகக் காய்க்காமல் நின்ற மரம், இந்த வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்தது. எல்வினுக்கு அதைத் தின்ன மனசு வரவில்லை. நோரீனுக்கும் வரவில்லை, காரணம்தான் வேறு. ஆனால் கடை ஆப்பிளில் சாறு அதிகம், காய்வதற்குள் அழுகிவிடும். பொம்மைத் தலைக்கு மருந்தடிக்காத, கெட்டியான, வீட்டு மரத்துக் காய்தான் தோது என்பது அந்த வெர்மாண்ட் மாநிலத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். இத்தனை நல்ல காய் மண்ணில் விழுந்து வீணாகிறதே என்று அவள் கை பரபரத்தது. கூடையோடு போய்ப் பறித்துவிட்டாள். பறிக்கும்போது உள்ளே ஒரு குரூரமான சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. உன்னைத் தோல் சீவி, கம்பியில் குத்தி, என் வாசலில் தொங்கவிடுகிறேன் பார் என்று அந்த மரத்திடம் மனசுக்குள் சொன்னாள்.

அந்த ஒரு தலையைச் சன்னல் பக்கம் திருப்பிவிட்ட மறுநாள், அதற்குப் பக்கத்துத் தலையின் வாயும் திறந்திருந்தது. அதற்கு மறுநாள் அதற்கும் பக்கத்தில். கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக, சன்னல் நெடுக, ஒருத்தி காதில் ஒருத்தி சொல்லிக்கொண்டு வருகிற மாதிரி அது நகர்ந்து வந்தது. முகங்களும் மாறின. ஒவ்வொன்றையும் அவள் வேறு வேறு மாதிரிதான் செதுக்கியிருந்தாள்; ஒன்றுக்குக் கொக்கி மூக்கு, ஒன்றுக்குச் சப்பை மூக்கு, ஒன்றுக்கு உப்பிய கன்னம். காயக் காய எல்லாவற்றுக்கும் ஒரே நீண்ட மேலுதடு வந்தது, ஒரே ஒட்டிய தாடை வந்தது. எல்லாவற்றுக்கும் இடது கண் சுருங்கியது.

பிறகு சத்தம். சமையலறையில் வெந்த ஆப்பிளும் கிராம்பும் மணக்க, அடுப்பில் விறகு மெல்ல முறிய, சூடு மேலே எழும்பி நூல்களை அசைக்கும்போது தலைகள் சன்னல் கண்ணாடியில் இடித்துக்கொண்டன. டொக். காற்றோட்டத்தில் அப்படி ஆவது சகஜம் என்று நோரீன் முதலில் பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். டொக், டொக். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற, தக்கையாகக் காய்ந்த பழத்துக்கு இவ்வளவு சத்தம் வருமா என்ற கேள்வி அவள் கழுத்துக்குப் பின்னாலேயே நின்றது. அடுப்பை அவித்துப் பார்த்தாள், சத்தம் நிற்கவில்லை. நூல்களை எல்லாம் கட்டையாகக் கட்டி, எவ்வளவு ஆடினாலும் கண்ணாடிக்கு எட்டாதபடி செய்தாள். அன்று முழுக்க வீடு அமைதியாக இருந்தது, அவளும் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள்.

சர்ச் விற்பனைக்கு மேவிஸ் தலைகள் கேட்டிருந்தாள். பூசணி ரொட்டியோடு வந்து, காப்பி கேட்டு வாங்கிக்கொண்டு, ஊர் வம்பெல்லாம் பேசி முடித்துவிட்டுச் சன்னலோரம் போய் ஒரு தலையைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அடியே, இது நம்ம ஐவா இல்ல? அச்சு அசல் அவளேதான். புகை விட வேண்டியதுதான் பாக்கி."

எல்லாக் கிழவிகளும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்றாள் நோரீன். மேவிஸ் விடவில்லை. தலையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "என்ன ஐவா, மேல எப்படி இருக்கு? யாரைப் பத்தி கோள் சொல்லணும், சொல்லு," என்று விளையாட்டாகக் கேட்டாள். கேட்டபடி அப்படியே நின்றாள். சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது, ஆனால் அதற்குள் யாரும் இல்லை. மெதுவாகத் தலையை விட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டாள்.

"ஜில்லுனு இருக்குடி. அடுப்புக்கு மேலதானே தொங்குது?"

என்ன கேட்டது என்று நோரீன் கேட்கவில்லை. சர்ச்சுக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மேவிஸ் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது பின்வாசல் கதவின் தாழ்ப்பாளை ஒரு தரம் பார்த்தாள், பிறகு நோரீனைப் பார்த்தாள்.

அவள் போனதும் நோரீனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பொங்கியது. செத்தும் வாய் மூடாதா இந்தச் சனியன் என்று வாய்விட்டே சொன்னாள். மெழுகு தேய்த்த கறுப்பு நூலும் தடித்த ஊசியும் எடுத்துவந்து, தலைகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, உதட்டோடு உதடு சேர்த்துத் தைத்தாள். ஊசி உள்ளே போகும்போது தோல் மாதிரி எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுத்தது. தைக்கத் தைக்க அவளுக்கு ஜனவரியின் அந்தத் தித்திப்பு மறுபடி நாக்கில் வந்தது. கடைசித் தலைக்குக் கடைசி முடிச்சுப் போடக் குனிந்தபோது, மூடப்போன வாயிலிருந்து அவள் முகத்தில் லேசாக ஒரு மூச்சு பட்டது. சிகரெட் வாடை. அவள் முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலைகளைப் பழையபடி சன்னல் நெடுகத் தொங்கவிட்டாள்.

மறுநாள் காலையில் அடுப்பு மேடை நெடுகக் கறுப்பு நூல் துண்டுகள் கிடந்தன. முனைகள் ஈரமாக, மென்று துப்பியவையாக இருந்தன. அவள் அவற்றைப் பெருக்கிக் குப்பையில் போட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்வின் சூப்பைக் கிளறிக்கொண்டே சன்னலைப் பார்த்தபடி இருந்தான். அதிகம் பேசாதவன் அவன். பேசாதவன் ஒன்றைக் கேட்டால் பல நாளாக அதை மனசுக்குள் உருட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

"அதெல்லாம் அக்கா முகம்," என்றான்.

சுருங்கினால் எல்லாம் வயசான முகம்தான், உனக்கு அவள் நினைப்பு, அதனால் அப்படித் தெரிகிறது என்று நோரீன் ஆறுதலாகவே சொன்னாள். அவன் தலையை ஆட்டவில்லை.

"இல்ல. நான் போய்ப் பார்த்தப்போ அவ வாய் இப்படித்தான் திறந்திருந்துச்சு. நான் போர்வை போட்டு மூடின பிறகுதானே நீ வந்த. நீ பார்க்கவே இல்லையே, எப்படி இப்படி செஞ்ச?"

"நான் எங்க செஞ்சேன்? தானா அப்படிக் காஞ்சிருக்கு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் ரொம்பத் தணிவாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டான்.

"அன்னைக்கு அவ கதவைத் தட்டினாளா, நோரீன்?"

"தட்டியிருந்தா நான் திறந்திருக்க மாட்டேனா?"

டொக்.

ஒரே சமயத்தில். எல்லாத் தலைகளும். நூல் எட்டாத கண்ணாடியில், ஒரே ஒரு தடவை. கண்ணாடி சட்டத்துக்குள் அதிர்ந்து அடங்கியது. எல்வின் எழுந்து போய்ச் சன்னல் இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காற்று எதுவுமில்லை. பிறகு பின்வாசல் கதவிடம் போய், தாழ்ப்பாளைப் போட்டான், நீக்கினான், மறுபடி போட்டான். உள்ளிருந்து கையால் தள்ளினால்தான் நகரும் தாழ்ப்பாள். தானாக விழக்கூடியது இல்லை அது. அவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய், முற்றத்தில் நின்ற தன் வண்டிக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். நோரீன் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலோவீன் அன்று காலையில் அவன் காப்பியைக்கூடத் தொடாமல் வேலைக்குப் போனான். அவன் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு தலையும் இருக்கக்கூடாது என்று நோரீன் முடிவு செய்தாள். முகம் இல்லாவிட்டால் பேச்சும் இல்லை. பேச்சு இல்லாவிட்டால் புருஷன் நாளாவட்டத்தில் மறந்துவிடுவான். முதலில் வாசல் வேலைகளை முடித்தாள். பிள்ளைகள் வருவார்களே என்று பூசணிகளுக்குள் மெழுகுவர்த்தி வைத்தாள், பெரிய கிண்ணத்தில் மிட்டாய் நிரப்பி முன்னறையில் வைத்தாள். வானம் சாம்பலாகி, தெருவில் பேய் வேஷம் போட்ட முதல் பிள்ளைகளின் குரல் கேட்கத் தொடங்கியபோது சமையலறைக்கு வந்து, அடுப்பில் பிர்ச் விறகை அடுக்கி நன்றாக எரியவிட்டாள்.

நூல்களைக் கத்தரித்தாள். ஒவ்வொன்றும் கையில் கனத்தது. காய்ந்த ஆப்பிளின் கனம் இல்லை. தொட்ட இடத்தில் விரல் ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்கும்போது எரிந்தது. பனிக்காலத்தில் இரும்பைத் தொட்டால் ஒட்டுமே, அப்படி. அவள் முகங்களைப் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக நெருப்புக்குள் எறிந்தாள். கடைசியை எறிந்துவிட்டு அடுப்பின் இரும்புக் கதவைச் சாத்தி, கொக்கியை இறக்கி மாட்டினாள். உள்ளே சாறு பொசுங்கும் சத்தம். வீடெல்லாம் சுட்ட ஆப்பிள் வாசனை பரவியது, பண்டிகை வாசனை. நோரீன் நாற்காலியில் சாய்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு முழு மூச்சு விட்டாள்.

அந்த வாசனைக்கு அடியிலிருந்து மெல்லச் சிகரெட் வாடை வந்தது.

டொக்.

விறகு முறிகிறது, என்று நினைத்தாள்.

டொக். டொக். டொக்.

இரும்பில் கேட்டது. உள்ளிருந்து. அடுப்புக் கதவின் மேல், கோபமாக. பிறகு வேகமாக. அந்த வேகம் அவளுக்குத் தெரியும். அடுத்து எப்படி மாறும் என்றும் தெரியும். காதைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு உள்ளேயும் கேட்டது.

முன்கதவு திறந்து மூடியது. எல்வின் வேலைத் துணியோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். வெறிச்சென்றிருந்த சன்னலைப் பார்த்தான். அறுந்த நூல்களைப் பார்த்தான். அப்புறம் அடுப்பைப் பார்த்தான்.

டொக். டொக்.

"யாரு தட்டுறது?" என்றான்.

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டல் இப்போது விட்டு விட்டு வந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தியா?"

பொய் சொல்லலாம். ஒரு பொய் இன்னும் மீதி இருந்தது அவளிடம். அவள் தலை தானாக அசைந்தது, ஆமாம் என்று.

"எவ்வளவு நேரம்?"

"அது... நிக்கிற வரைக்கும்."

எல்வின் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கியது. ரொம்ப நேரம் அவளையே பார்த்தான், யாரோ ஒரு அந்நியப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அடுப்பின் கொக்கியைத் தூக்கினான்.

"வேணாம் எல்வின். திறக்காத."

"திறக்கணும் நோரீன். தட்டினா திறக்கணும்."

கதவு திறந்தது.

நெருப்பு இல்லை. வெளிச்சம் இல்லை. சூடு இல்லை. கரிய வாய்க்குள்ளிருந்து பனியின் வாசனை, ஜனவரிக் குளிர், நோரீனின் முழங்காலில் வந்து மோதியது. அடுப்பின் உட்சுவரில் வெள்ளை வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு, ஒரு அடுப்புக்குள் இருக்கக்கூடிய இருட்டைவிட ரொம்ப ஆழமாக.

அங்கிருந்து ஒரு கை வந்தது.

விளிம்பைத் தடவிப் பிடித்தது. நீலம் பாய்ந்த விரல்கள். முட்டிகளில் தோல் இல்லை.

"வாக்கா," என்றான் எல்வின். குரல் உடைந்திருந்தது. "உள்ள வா. எவ்வளவு குளிரு."

தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அடுப்பை ஒட்டித் தள்ளிப் போட்டான். கை காற்றில் துழாவியது. நோரீனின் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. இழுக்கவில்லை, முறுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். குளிர் முழங்கை வரை ஏறியது. தோள் வரை. தொண்டை வரை. கத்துவதற்கு அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திறந்த வாயை மூடவும் முடியவில்லை.

முன்கதவில் பிள்ளைகள் தட்டினார்கள். மிட்டாயா, சேட்டையா என்று கூச்சல். எல்வின் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். கிண்ணம் குலுங்கும் சத்தம் கேட்டது. அட, இங்கே ஒரு குட்டிக் கரடி வந்திருக்கிறதே என்று அவன் யாரையோ கொஞ்சுவது கேட்டது. வாசலெல்லாம் அழகாகப் பண்ணியிருக்கிற ஆன்ட்டி எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டது.

"உள்ள இருக்காங்கம்மா. எங்க அக்கா வந்திருக்கா. ரெண்டு பேரும் பேச வேண்டியது நிறைய இருக்கு."

பிள்ளைகள் நன்றி சொல்லிக்கொண்டு படி இறங்கினார்கள். எல்வின் திரும்பி வந்தான். சமையலறைக்குள் வரவில்லை. நோரீன் கண்ணால் அவனைக் கெஞ்சினாள், எல்வின், எல்வின் என்று அந்தத் திறந்த வாய்க்குள்ளேயே கூப்பிட்டாள். அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவை மெதுவாக, சத்தம் வராமல், சாத்தினான்.

அடுப்பின் விளிம்பில் இரண்டாவது கை வந்து ஊன்றியது. இருட்டுக்குள் நரைத்த தலைமுடி அசைந்தது. பிறகு நெற்றி. பிறகு சுருக்கிய இடது கண்.

விறகுக் கட்டை போகிற அகலம்தான் அந்தக் கதவு. ஒரு ஆள் அதற்குள் நுழைய முடியாது.

ஐவா நுழைந்துகொண்டிருந்தாள்.